குனிந்தால் வலிக்காது

கணையம் என்று ஒன்று எனக்குள் இருப்பதே நாற்பது வயது தாண்டும் வரைக்கும் எனக்குத் தெரியாது. இருதயம் தெரியும், கிட்னி தெரியும், கர்ப்பப்பை தெரியும், அதை எடுத்துவிட்டு வந்த நாலு பேரையாவது தெரியும். கணையத்தைப் பற்றி யார் பேசினார்கள்? கறிக்கடையில்கூட ஈரல், மண்ணீரல், குடல் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். கணையம் கொடு என்று ஆம்பூரில் ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை. இப்போது என்னடாவென்றால் காலையில் கண்ணைத் திறந்ததும் முதலில் அதைத்தான் விசாரிக்கிறேன். சலித்துப்போய்விட்டது.

நான் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருப்பவள். ஷூவின் மேல்பாகத்துக்கு அப்பர் என்று பெயர். வெட்டி வரும் தோல் துண்டுகளை ஒன்றோடொன்று வைத்துத் தைப்பது என் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி, மெஷினுக்கு முன்னால் குனிந்தால், டீக்கு ஒரு தரம், சாப்பாட்டுக்கு ஒரு தரம், மறுபடி டீக்கு ஒரு தரம் நிமிர்வோம். கல்யாணத்துக்கு முன்பே இந்த வேலைக்கு வந்தவள். முதுகு வலிக்காத ஒருத்தியைக்கூட நான் எங்கள் லைனில் கண்டதில்லை. தோல் வாசனை, பசை வாசனை, அதற்கு மேலே முதுகுக்குத் தடவிய தைலத்தின் வாசனை, இதுதான் எங்கள் லைன்.

என் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. முதலில் ஒரு காலில் விரல் போனது, பிறகு அந்தப் பாதமே போனது, கடைசியில் பார்வையும் மங்கிப்போனது. வருஷக்கணக்கில் நான்தான் அவளுக்கு இன்சுலின் ஊசி போட்டேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், தலையைப் பின்னியும் பின்னாமலும், ஒரு கையில் ஊசியோடு அவள் பக்கத்தில் உட்காருவேன். குத்திக் குத்தி அவளுடைய வயிற்றிலும் தொடையிலும் தோல் கட்டி தட்டிக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் "வலிக்குதாம்மா?" என்று கேட்பேன். "இல்லடி" என்பாள். பொய். மிச்சமிருந்த காலின் கட்டைவிரல் மடங்குவது எனக்குத் தெரியும். அவள் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு வந்த முதல் நினைப்பு, இனிமேல் யாரையும் குத்த வேண்டாம் என்பதுதான். அப்படி நினைத்தேனே என்று வெட்கப்பட்டேன், ஆனாலும் நினைத்தேன்.

அடுத்தது எனக்கு. சர்க்கரை வந்தது, உடம்பும் வந்தது. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார ஆளே வராது. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க கணையம் களைச்சுப் போச்சும்மா. வயித்துக்குப் பின்னால இருக்கிற சின்ன உறுப்பு அது. இன்சுலின் அதுலதான் ஊறுது. அது மேலயும் கொழுப்பு படிஞ்சிருக்கு. இனிமே மாத்திரை போதாது, ஊசிதான். இல்லன்னா எடை குறைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கலாம். எல்லாருக்கும் சொல்ல மாட்டேன், உங்களுக்குச் சொல்றேன்."

ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என் முகம் தோன்றவில்லை, என் மகளின் முகம்தான் தோன்றியது. அப்போது அவள் காலேஜில் முதல் வருஷம். தலையைப் பின்னியும் பின்னாமலும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பறந்துகொண்டு, ஊசியோடு என் பக்கத்தில் உட்காரப் போகிறாள். அது மட்டும் கூடாது. வயிற்றை வெட்டினாலும் சரி, ஒட்டினாலும் சரி, என் பெண் என்னைக் குத்தக் கூடாது. அந்த ஆபரேஷனுக்கு நான் ஒத்துக்கொண்டது அழகுக்காக இல்லை, மெலிவதற்காகக்கூட இல்லை. இதற்காகத்தான்.

என் வீட்டுக்காரர் ஜோலார்பேட்டையில் ரயில்வே தண்டவாள வேலையில் இருக்கிறார். அவருக்கு இது பிடிக்கவே இல்லை. "நல்லா கீற வயித்த இன்னாத்துக்கு வெட்டணும்? கம்மியா துன்னா போதாதா?" என்றார்.

"நீங்க ஒரு மாசம் கம்மியா துன்னு காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றேன்.

காசுக்கு என்ன செய்தோம் என்பதை எழுதப் போவதில்லை. அது தனிப் புலம்பல்.

சோறு போய்த் தங்குகிற இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி விட்டுவைத்தார்கள். கொஞ்ச நாள் வெறும் தண்ணீர், பிறகு கஞ்சித் தண்ணீர், பிறகு அரை இட்லியைப் பிசைந்து ஒரு யுகமாகத் தின்பது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஆனால் அந்தச் சர்க்கரை! வீட்டுக்கு வருவதற்குள்ளேயே இறங்க ஆரம்பித்தது. உடம்பு இளைக்க இளைக்க மாத்திரையை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். "கணையத்து மேல இருந்த கொழுப்பு கரையுதும்மா. அதுக்கு இப்பதான் மூச்சு வுட எடம் கெடச்சிருக்கு" என்று டாக்டரம்மா சொன்னபோது, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஒரு டீ வாங்கி, கால் டம்ளர் குடித்துவிட்டு மிச்சத்தைக் கீழே ஊற்றினேன். வயிறு அவ்வளவுதான் இடம் கொடுத்தது.

ஊர் வாயை மட்டும் எந்த டாக்டராலும் தைக்க முடியாது. குண்டாக இருந்தபோது பஸ்ஸில் சிரித்தவர்கள், மெலிந்ததும் பரிதாபப்பட வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபம் முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் மூன்று பேர் கேட்பார்கள். "இன்னாம்மா, இப்டி உருகிட்டே, சீக்கா?" ஒருத்தி என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது சண்டையா என்று விசாரித்தாளாம். அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் சேரலாம் என்று முன்னாலேயே எச்சரித்திருந்தார்கள். அதற்கென்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். சொன்ன மாசம் முடியும்வரை ஒரு வேளைகூட விடாமல் விழுங்கினேன். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எனக்கு என்னவோ ஆனது என்று தெரிந்ததும், "சொன்னபடி கேட்டிருந்தா இப்டி ஆவுமா?" என்று கேட்காத ஆளே இல்லை. கேட்டேன் தாயே. எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டும் வந்தது.

எங்கள் லைனில் எனக்குப் பக்கத்து மெஷின் ஆபாவுடையது. அக்கா என்பதற்கு அவர்கள் வீட்டு உருதுவில் ஆபா. என்னைவிட மூத்தவர், ஆம்பூர்க்காரர், என் தோஸ்த். அவருக்கும் சர்க்கரை உண்டு, உடம்பும் உண்டு. நான் ஆபரேஷன் செய்துகொண்டதிலிருந்து என்னை ஒரு சாம்பிள் பீஸ் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ நல்லா இருந்தீன்னா நானும் பண்ணிக்குவேன்" என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

ஆபாவின் தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பிரியாணி. நான் நாலு வாய் எடுத்து வைத்ததைப் பார்த்து ஆபாவுக்குப் பொறுக்கவில்லை. "யா அல்லா, இன்னாடி இது, குருவிக்கு வெச்ச மாதிரி! எங்க வூட்டுக் கல்யாணம்டி" என்று ஒரு துண்டுக் கறியையும் கொஞ்சம் கத்தரிக்காயையும் தட்டில் வைத்தார். தின்றேன். அருமையாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்து மத்தியானம் படுத்தபோது மேல்வயிற்றில் ஒரு வலி பிடித்தது. நேராக ஊடுருவி முதுகுக்குப் போனது. புரண்டு படுத்தாலும் போகவில்லை. என் வீட்டுக்காரர் சோடா வாங்கி வந்தார். எங்கள் பக்கத்தில் வயிற்றில் எது வந்தாலும் அதற்குப் பெயர் கேஸ். சோடாவை இரண்டு மடக்கு குடித்தேன், வாந்தி வந்தது. தெருக்கோடி கிளினிக்கில் போய் ஒரு ஊசி போட்டுக்கொண்டேன். அங்கும் கேஸ் என்றுதான் சொன்னார்கள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஏன் போனாய் என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். அங்கேதான் எனக்கு வலிக்கவில்லை, அதனால் போனேன். பஸ்ஸில் சாய்ந்து உட்கார்ந்தால் உயிர் போயிற்று. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, அப்பரை ஊசிக்குக் கீழே தள்ளி, தலையைத் தாழ்த்திக் குனிந்தேன். ஸ்விட்சை அணைத்த மாதிரி வலி பாதியாகக் குறைந்தது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்களுக்கெல்லாம் அப்படித்தான். குனிந்தே பழகிய முதுகுக்கு நிமிர்ந்தால்தான் வலி என்று லைனில் எல்லோரும் சொல்வோம். கைவேலையில் இருந்தால் வலி மறந்துபோகும் என்றும் சொல்வோம். இரண்டும் எனக்குப் பொருத்தமாகவே இருந்தன. வயிற்றுக்குக் கேஸ், முதுகுக்கு மெஷின் என்று வலியை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

டீ நேரத்தில் எழுந்தால் வலிக்கிறதே என்று எழாமலேயே இருந்தேன். ஆபா கையைப் பிளவுஸுக்குள் விட்டு முதுகில் தைலம் தேய்த்துவிட்டார். சாப்பிடவும் போகவில்லை. ஷிப்மென்ட் நெருக்கடி வேறு. சூப்பர்வைசர் பையன் வந்து என் தலைக்கு மேலே நின்றுகொண்டு மற்றவர்களுக்குச் சொன்னான்.

"அக்காவைப் பாருங்க. காலைல உக்காந்தவங்க இன்னும் நிமிரல. உங்களுக்கு மட்டும் இன்னா டீ, பேச்சு?"

அந்தப் பாராட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாவம், அவனுக்கு என்ன தெரியும். எனக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. வீட்டில் படுக்க முடியவில்லை, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே விடிந்தது. மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஓடினேன். இந்த முறை குனிந்தும் முழுசாகக் குறையவில்லை. இன்னும் குனிந்தேன். நெற்றி மெஷினில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தேன். நூல் அறுந்தது. நூல் கோர்க்க முகத்தைத் தூக்கியபோது மெஷின் விளக்கு என் முகத்தில் அடித்தது. ஆபா என் பக்கம் திரும்பியவர் அப்படியே எழுந்துவிட்டார்.

"ஏய், உன் கண்ணு மஞ்சளா கீதுடி!"

அதன் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. எழுந்து நின்றேன், நிமிர்ந்ததும் வலி கத்தி மாதிரி இறங்கியது, தோல் துண்டுகளின் மேலேயே வாந்தி எடுத்தேன். கம்பெனி வண்டியில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் ஆபா மடியில் குப்புறக் கிடந்தேன். "எங்க வூட்டு பிரியாணிதான், நான்தான் வெச்சேன்" என்று அவர் அழுதுகொண்டே வந்தார்.

அதே டாக்டரம்மா வந்தார். வயிற்றில் கைவைத்தார். "எப்டி இருந்தா வலி கம்மியாவுது?" என்று கேட்டார். வாயைத் திறக்க முடியவில்லை, செய்து காட்டினேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, முதுகை வளைத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அப்பரைத் தள்ளுகிற மாதிரியே வைத்தேன்.

"கணையம் முதுகை ஒட்டிப் படுத்திருக்கும்மா. அது வீங்கினா, நிமிர்ந்தா வலிக்கும், குனிஞ்சா தாங்கும். நீங்க ரெண்டு நாளா குனிஞ்சே தாங்கிட்டு இருந்திருக்கீங்க."

கல்தான். பித்தப்பையிலிருந்து நழுவி வந்து, கணையத்தின் நீர் இறங்குகிற வாசலில் போய் அடைத்துக்கொண்டதாம். சோற்றைச் செரிக்க வேண்டிய நீர் வெளியே போக வழியில்லாமல் கணையத்தையே செரிக்க ஆரம்பித்துவிட்டதாம். பிரியாணி மேல் பழி இல்லை என்று ஆபாவிடம் சொன்னார், கல் எப்போதோ உண்டாகியிருக்கும் என்றார். மாத்திரை போட்டேனே என்று கேட்டேன். "போட்டா கம்மியாவும். ஒருத்தருக்குமே வராதுன்னு சொல்ல முடியாது" என்றார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. யார்மேலும் கோபப்பட முடியாத மாதிரி ஒரு கஷ்டம் வருவது பெரிய பேஜார்.

வாய்வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் போட்டுவைத்தார்கள். வலி குறைந்து வந்தபோதுதான் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று சொன்னார்கள். கணையத்தில் ஒரு பகுதி கெட்டுப்போய்விட்டது, மிச்சம் எப்படி வேலை செய்யும் என்று மூன்று மாசம் கழித்துத்தான் தெரியும், அதுவரைக்கும் இன்சுலின்.

எதைக் காப்பாற்ற வயிற்றை வெட்டிக்கொண்டேனோ, அதுவே கெட்டது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று காலையில் கண் விழித்துப் பார்த்தால், ஜன்னல் பக்கம் என் மகள் நர்ஸோடு நின்றுகொண்டிருக்கிறாள். கையில் ஊசி. நர்ஸ் ஒரு பஞ்சைச் சுருட்டிக் கொடுத்துக் குத்தச் சொல்கிறாள். என் மகள் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு, சாய்த்துப் பிடித்து, மெதுவாகக் குத்துகிறாள். நன்றாகப் பிடித்திருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அத்தக் கீழ வையிடி!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "அவ கத்துக்க வேணாம். நான் போட்டுக்கறேன். எனக்குப் போடத் தெரியும்."

"உன் கை நடுங்குதும்மா" என்றாள்.

நடுங்கத்தான் செய்தது. மூன்று மாசம் அவள்தான் போட்டாள். நடுவில் பித்தப்பையையும் எடுத்துவிட்டார்கள். அதற்கும் ஒரு தடவை போய்ப் படுத்தேன். வயிற்றில் எத்தனை தழும்பு என்று இப்போது பார்ப்பதில்லை. காலையில் அவள் காலேஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே இன்சுலின் எடுக்க ஃபிரிட்ஜ் கதவைத் திறப்பாள். அந்தச் சத்தத்துக்கே என் கால் கட்டைவிரல் மடங்கும், அவள் அதைப் பார்த்துவிடுவாள். குத்திவிட்டு, பஞ்சை அழுத்திவிட்டு ஓடுவாள்.

மறுபடி வேலைக்குப் போனேன். ஆபா தன் ஆபரேஷன் பேச்சையே விட்டுவிட்டிருந்தார். நானேதான் ஆரம்பித்தேன்.

"ஆபா, உங்க சர்க்கரை இன்னா நெலம?"

"அத வுடு. உன்னப் பாத்தப்புறம் எனக்கு ஆபரேஷனே வேணாம்."

"என்னை ஏன் பாக்கறீங்க? டாக்டரம்மாவப் போய்ப் பாருங்க. எனக்கு ஆனது உங்களுக்கும் ஆவும்னு எவ சொன்னா? அதே ஆபரேஷன்தான் என் சர்க்கரைய எறக்குச்சு. நல்லதும் அது பண்ணுச்சு, கல்லும் அதாலதான் வந்துச்சு. ஒண்ணை மட்டும் சொல்ல எனக்கு வரல." மூச்சு வாங்கியது. "பண்ணிக்கிட்டா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. வலி வந்தா, குனிஞ்சு பாக்காதீங்க. நிமிர்ந்து பாருங்க."

ஆபா மெஷினை நிறுத்திவிட்டு நேராக நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். "எனக்கு முதுகுதான் வலிக்குது" என்றார். இருவரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

மூன்று மாசம் கழித்து ரத்தம் கொடுத்தேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார். "கெட்டுப்போனது போச்சு. மிச்சம் நல்லா வேலை செய்யுது. எடை கம்மியானதால அதுக்குச் சுமை இல்ல, அதான் சமாளிக்குது. ஊசிய நிறுத்திடலாம்." பேனாவை மூடிவிட்டு, "இப்போதைக்கு" என்றார்.

என் வீட்டுக்காரர் அல்வா வாங்கிக்கொண்டு வந்து, எனக்கு ஆகாதே என்று வாசலில்தான் நினைத்துப் பார்த்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். எனக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை. அந்த "இப்போதைக்கு" என்னோடு பஸ்ஸில் ஏறி வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஃபிரிட்ஜ் கதவில் மிச்சமிருந்த ஊசி மருந்து அப்படியே இருந்தது. "தூக்கிப் போட்டுடு" என்றேன் மகளிடம்.

"இருக்கட்டும்மா" என்றாள்.

சமையல்கட்டு நாற்காலியில் உட்கார்ந்து, இப்போதெல்லாம் செய்வது போல, முதுகை மெல்ல மெல்ல நிமிர்த்தி, நாற்காலியில் சாய்ந்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வலி வருகிறதா என்று காத்திருந்தேன். அவள் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தபடி என் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்லடி" என்றேன்.

உண்மையாகவே வலிக்கவில்லை. அவள் நம்பவில்லை.